எடம் கெடக்கு

அவர் வாயிலிருந்து 'இடமில்லை' என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. கம்பெனி பஸ் படிக்கட்டில் ஒற்றைக் காலில் நிற்கும்போதும் சரி, அறையில் ஒருவன் புரண்டு படுக்க இன்னொருவன் எழுந்து உட்கார வேண்டும் என்கிற நிலையிலும் சரி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, இடது கண்ணை மூடி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எடம் கெடக்குப்பா" என்பார். அவர் சொன்னபிறகு அங்கே எப்படியோ இடம் இருக்கும். அது யாருடைய இடம் என்பது பிறகுதான் தெரியவரும்.

ஷார்ஜா தொழில்பேட்டையில், பிக்கப் வண்டிகளுக்குப் பின்கூண்டு கட்டுகிற பட்டறை ஒன்றில் நாங்கள் வேலை பார்த்தோம். அவர் ஃபிட்டர், நான் பெயிண்டர். காரைக்குடிக்குத் தெற்கே ஏதோ ஒரு கிராமத்துக்காரர். எங்கள் எல்லோருக்கும் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அண்ணன். அவரைப் பிடிக்குமா என்று யாராவது கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. அவரோடு ஒரே அறையில் இருந்த எவனுக்கும் வராது. நல்லவர்களோடு ஒரே அறையில் இருப்பது சுலபமில்லை.

நான் முதல்முதலாக அந்த அறை வாசலில் பெட்டியோடு நின்ற நாள் நினைவிருக்கிறது. தொழிலாளர் கேம்ப் பொறுப்பாளர் என்னை அங்கே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டார். உள்ளே இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள், பிறகு டிவியைப் பார்த்தார்கள். அவர் மட்டும் பாதி உரித்த வெங்காயத்தோடு எழுந்து வந்தார்.

"செருப்ப வெளிய விட்டுட்டு வாப்பா. எடம் கெடக்கு."

கிடக்கவில்லை. எனக்கே தெரிந்தது. ஆனால் அவர் இரண்டு அடுக்குக் கட்டில்களை ஒன்றோடொன்று ஒட்டி, அரிசி மூட்டையைக் கதவுக்குப் பின்னால் தள்ளி, துணிக்கொடியை இன்னும் உயரத்தில் கட்டி, ஒரு கட்டில் போடும் அளவுக்கு ஒரு மூலையை வரவழைத்துவிட்டார். அன்றைக்கு அந்தச் சொல் எனக்குத் தேனாக இருந்தது. எனக்குப் பின்னால் வந்தவர்களிடம் அவர் அதையே சொன்னபோது அவ்வளவாக இனிக்கவில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உள்ளே வந்தவன் கதவைச் சாத்தத்தான் பார்ப்பான்.

பட்டறையில் மிஞ்சிய தகட்டை வெட்டிக் கொண்டுவந்து, ஒவ்வொரு கட்டிலின் இரு பக்கத்திலும் ஒல்லியாக ஒரு பெட்டி அடித்துக் கொடுத்தார். சோப்பு, சீப்பு, போன் கார்டு, மாத்திரை எல்லாம் அதற்குள் அடங்கும். பக்கவாட்டு மூடியைத் திறந்தால் அதுவே சாப்பாட்டுத் தட்டு வைக்கிற பலகை. அவருடைய கட்டிலுக்கும் இரண்டு பெட்டிகள் உண்டு. ஆனால் அதில் ஒன்றில் எவனோ ஊருக்குப் போனவனுடைய ஊறுகாய் பாட்டில்கள், இன்னொன்றில் எவனோ வரப்போகிறவனுடைய போர்வை. அவருடைய சாமான்கள் தலையணைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தன. தலையணை சரிந்து சரிந்து கழுத்து வலிக்கிறது என்று காலையில் என்னிடம்தான் தைலம் கேட்பார்.

லீவில் ஊருக்குப் போகிறவர்கள் அட்டைப்பெட்டி கட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். பால்மாவு டப்பாவைத் திறந்து, மாவு வேறு பையில், டப்பாவுக்குள் வளையல். ஷூவுக்குள் டார்ச் லைட். போர்வைக்கு நடுவில் மிக்ஸி. கடைசியில் பெட்டியைச் சாய்த்து ஆட்டிப் பார்ப்பார். உள்ளே ஒன்றும் குலுங்காது. அப்படிப்பட்டவர் தன்னுடைய லீவுக்குக் கிளம்பியபோது நடந்ததுதான் வேடிக்கை. அறையில் ஆளுக்கொன்று கொண்டுவந்து நீட்டினார்கள். பக்கத்து அறையிலிருந்தும் வந்தது. தேராவில் கடை வைத்திருந்த கீழக்கரை பாய் ஒருவர்கூட ஒரு பொட்டலத்தோடு வந்தார். எல்லாவற்றையும் வாங்கி வாங்கி உள்ளே வைத்தார். விமான நிலையத்துக்கு வண்டி வந்தபோது, அவர் மனைவிக்கென்று வாங்கிய தேக்சா வெளியே என் கட்டில் மேல் இருந்தது.

"அண்ணே, மதினிக்கு வாங்கினது."

"அது எங்க போயிரப் போகுது? அடுத்த தடவ பாத்துக்கிருவோம்."

அந்தத் தேக்சாவில் நாங்கள் இரண்டு வருடம் சோறு வடித்தோம்.

அவருக்கென்று வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், அதுவும் அவருக்கில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஊருக்குப் போன் பேசுவார். எங்கள் அறையில் ரகசியம் என்று ஒன்று கிடையாது, எல்லோருடைய குடும்பமும் எல்லோருக்கும் தெரியும். அவர் வீட்டில் மூன்று தம்பிகள். ஒவ்வொரு தம்பிக்கும் கல்யாணம் ஆனபோது ஓர் அறை வேண்டியிருந்தது. மூன்றாவது தம்பிக்குத் தன் அறையைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறியிருக்கிறார். மனைவியும் மகளும் அடுப்படிக்குப் போகிற நடையில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டிருந்தார்கள். பொண்ணு வயதுக்கு வருகிற நேரம். அந்த அம்மா போனில் கேட்பது எனக்கே மனப்பாடம்.

"கதவு வச்ச ஒரு ரூம்பு. உள்ள தாப்பா போடணும், வெளிய பூட்டணும். வேற ஒண்ணும் நான் கேக்கல."

"கட்டிப்புடுவோம். மாடியில எடம் கெடக்குல்ல" என்பார் இவர்.

ஒரு தடவை உண்மையிலேயே செங்கல் வந்து இறங்கியது. இரண்டாவது தம்பி அதை எடுத்து மாட்டுக்கொட்டகை கட்டிக்கொண்டான். அந்தச் செய்தியைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் போனை வைத்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்து, "மாட்டுக்கும் எடம் வேணும்லப்பா" என்றார். சிரிக்கத்தான் செய்தார். ஆனால் அன்றைக்குச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டார்.

அந்த வருடம் கோடையில் வந்ததுதான் வண்டி மேல் வைக்கிற வீடு.

குளிர்காலத்தில் அரபிகள் பாலைவனத்துக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்குவார்கள். எங்களிடம் வந்த அர்பாப், அதாவது அரபி முதலாளி, கூடாரத்துக்குப் பதிலாக ஒரு சின்ன வீட்டையே வாங்கிவிட்டார். வெளிநாட்டில் யாரோ பயன்படுத்தியது. ஒரு பெரிய பெட்டி, அதற்குள் கட்டில், அடுப்பு, கைகழுவும் தொட்டி, ஒரு மூலையில் கக்கூஸ். நான்கு மூலையிலும் நான்கு இரும்புக் கால்கள். வீடு அந்தக் கால்களில் நிற்கும். பிக்கப்பைப் பின்பக்கமாக அதற்கு அடியில் விட வேண்டும். பிறகு கால்களின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி இறக்கினால் வீடு வண்டியின் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். வேண்டாதபோது அதே போலக் கழற்றி நிறுத்திவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். அண்ணன் அதைப் பார்த்து நின்ற விதத்தை நான் மறக்கவில்லை. கோயிலைச் சுற்றுவதுபோல ஒரு சுற்று வந்தார். பிறகு குனிந்து அடியில் பார்த்தார்.

"காலு வச்ச ரூம்புப்பா இது" என்றார்.

சிக்கல் என்னவென்றால், அர்பாப்பின் வண்டியில் பின்பகுதியின் இரு பக்கச் சுவரிலும் நீளமாகச் சாமான் பெட்டிகள் இருந்தன. மூடியை மேலே தூக்கித் திறக்கிற பெட்டிகள். அவை உள்ளே கொஞ்சம் இடத்தைத் தின்றுவிட்டதால் வீட்டின் அடிப்பாகம் நடுவில் இறங்கவில்லை. எப்படியாவது மேலே வைத்தாலும் வீட்டின் பக்கவாட்டில் நீட்டியிருக்கும் இறக்கைகள் பெட்டி மூடிகள் மேல் உட்கார்ந்துகொள்ளும், மூடி திறக்காது. வேறு பட்டறைகளில் 'பெட்டியை அறுத்து எறி, இல்லையென்றால் வீட்டை விற்றுவிடு' என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அர்பாப்புக்கு இரண்டும் வேண்டும். அவருடைய அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. கூடாரத்தில் தரையில் உட்கார முடியாது என்று அந்தம்மா சில வருடங்களாகப் பாலைவனத்துக்கே வருவதில்லையாம். இந்தக் குளிருக்கு அம்மாவைக் கட்டிலோடு கூட்டிப்போக வேண்டும். மணலில் டயர் புதைந்தால் வேண்டிய கயிறு, மண்வெட்டி, பலகை, அம்மா பிடித்து நடக்கிற மடக்குச் சட்டம் எல்லாம் அந்தப் பெட்டிகளில்தான் இருக்கும்.

எங்கள் முதலாளி திருச்சூர்க்காரர். எதிலும் நஷ்டம் முதலில் தெரியும் அவருக்கு.

"இது நமக்கு வேண்டா. மாட்டேன்னு சொல்லி விட்டுரு" என்றார்.

இவர் ஏற்கனவே ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார்.

"எடம் கெடக்கு மொதலாளி."

அத்தோடு எங்கள் கோடை முடிந்தது. தகரக் கொட்டகைக்குள் நண்பகலுக்குப் பிறகு இரும்பைத் தொட முடியாது, சும்மா நின்றாலே கண் இருட்டும். ஓய்வு நேரம் என்று கொடுத்த நேரத்திலும் அவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பார். சேனல் இரும்பில் ஒரு சட்டம் செய்து, வண்டியின் தளத்தை உயர்த்தி, வீட்டை அதன் மேல் உட்கார வைத்தார். பெட்டிகளின் மேல்மூடியை நிரந்தரமாக வெல்டு வைத்து அடைத்துவிட்டு, வெளிப்பக்கச் சுவரில் கதவு வெட்டினார். கீழே கீல் வைத்த கதவு. திறந்தால் பலகை போல வெளியே தொங்கும். எங்கள் கட்டில் பெட்டிகளுக்கு வைத்த அதே கதவுதான். மணல் புகாமல் சுற்றிலும் ரப்பர். வீட்டை வண்டியோடு இழுத்துக் கட்டுகிற நான்கு கம்பிகளுக்கும் வழியில் பெட்டி குறுக்கே நின்றது. பெட்டிக்குள்ளேயே செங்குத்தாக ஒரு குழாயை இறக்கி, அதன் வழியாகக் கம்பியை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் வரை கொண்டுபோனார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை சட்டத்தை அறுத்து மறுபடி ஒட்டினோம். மூன்றாவது தடவை அறுக்க வேண்டும் என்று அவர் வந்து சொன்னபோது, நான் பெயிண்ட் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன். எனக்கு அலுத்துவிட்டது. அந்த வீடு, அந்த வண்டி, அந்த வெயில், அவருடைய அந்த ஒற்றைக் கண், எல்லாமே.

அவர் பின்னாலேயே தண்ணீர் பாட்டிலோடு வந்தார்.

"கோவிச்சுக்கிராத. இன்னும் ஒரு விரக்கடைதான். எடம் கெடக்கு."

அந்த நாட்களில்தான் அந்த மனிதன் அறை வாசலில் வந்து நின்றான். மன்னார்குடிப் பக்கத்து ஆள். அவன் கம்பெனியை இழுத்து மூடிவிட்டு ஆட்களை அம்போ என்று விட்டுவிட்டார்கள், கேம்ப்பில் தண்ணீர், கரண்ட் நின்றுவிட்டது. கையிலிருக்கும் விசாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது, வேலையும் தூங்க இடமும் இல்லை. அண்ணன் எங்கேயோ தேநீர்க் கடையில் அவனைப் பார்த்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கேம்ப் பொறுப்பாளர் அப்போதுதான் தலைக்கணக்கு எடுக்க ஆரம்பித்திருந்தார். கட்டிலுக்கு ஓர் ஆள், அதற்கு மேல் ஒருவர் இருந்தால் அறை மொத்தமும் காலி என்று சொல்லியிருந்தார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "அண்ணே, இந்தத் தடவ கெடையாது."

அறை முழுவதும் அதையே சொன்னது. இன்றைக்குக் கேட்டாலும் நான் அதையேதான் சொல்வேன்.

அவர் ஒன்றும் வாதாடவில்லை. தன் கட்டிலுக்குப் போய், தலையணைக்கு அடியிலிருந்த பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டார்.

"கட்டிலுக்கு ஒரு ஆளுதான? இது என் கட்டிலு. இவன் இதுல படுத்துக்கிரட்டும். ஒங்க எடத்துக்கு யாரும் வரல."

"நீங்க எங்க போவீங்க?"

"எனக்கு எடம் கெடக்குப்பா."

தேராவில் அந்தக் கீழக்கரை பாயின் கடைக்கு மேலே தங்குகிறார் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். அப்படி நினைத்துக்கொள்வது எங்களுக்கு வசதியாக இருந்தது. தினமும் காலையில் எங்களுக்கு முன்னால் பட்டறையில் இருந்தார். கழுத்து வலி என்று தைலம் கேட்பதுமட்டும் நின்றுபோயிருந்தது.

வேலை முடியும் தறுவாயில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, கடைசிக் கோட்டுப் பெயிண்ட் அடிக்க நான் மட்டும் பட்டறைக்குப் போனேன். கதவைத் திறந்து சாமான்களை எடுத்து வைப்பதற்குள் வெளியே கார் வந்து நின்றது. அர்பாப். முதலாளியையும் போன் பண்ணி வரச்சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு வீட்டைக் காட்ட வேண்டுமாம், வெயில் ஏறுவதற்குள். கறுப்பு அங்கிக்குள் குட்டையாக ஒரு கிழவி, மடக்குச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் நின்று நின்று வந்தார். அந்தம்மாவுக்காகவே நாங்கள் செய்திருந்த படிக்கட்டைப் போட்டேன். மகன் பின்னாலிருந்து தாங்க, அந்தம்மாவே கதவைத் திறந்தார்.

உள்ளே கட்டிலில், பிளாஸ்டிக் சுற்றுக்கூடப் பிரிக்காத புது மெத்தையின் மேல், அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் காலை முழுசாக நீட்டிப் படுத்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்து, ஓர் ஆள் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவையும் அடைத்துக்கொண்டு கிடந்தார். பக்கத்து அலமாரியில் அவருடைய பல்பொடி, சீப்பு, மகளுடைய போட்டோ, ஒவ்வொன்றும் தனித்தனியாக இடம் விட்டு வைக்கப்பட்டிருந்தன.

கிழவி திரும்பி மகனிடம் ஏதோ சொன்னார். அந்தச் சத்தத்தில் இவர் விழித்து, எழுந்து, தலையை மேற்கூரையில் இடித்துக்கொண்டு நின்றார். கிழவிதான் மெத்தையைக் காட்டி, "ஜேன்?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறதா என்று அர்த்தம்.

இவர் தலைமாட்டில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த அரபியில் சொன்னார். "ஜேன், மாமா. மக்கான் ஃபீ."

அங்கே மாமா என்றால் அம்மா. மக்கான் ஃபீ என்றாலும் இடம் இருக்கிறது என்றுதான் அர்த்தம். எந்த மொழியிலும் அவருக்கு வந்தது அதுதான். கிழவி சிரித்துவிட்டார். மகனுடைய கையை உதறிவிட்டு உள்ளே ஏறி, மெத்தையின் மறுமுனையில் உட்கார்ந்து பார்த்தார். கையால் அழுத்திப் பார்த்தார். ஜன்னலைத் திறக்கச் சொன்னார். இவர் திறந்து காட்டினார். எல்லோரும் கீழே இறங்கியதும் பக்கவாட்டுப் பெட்டிக் கதவைத் திறந்து மடக்குச் சட்டம் எப்படி உள்ளே போகிறது என்று காட்டியபோது, அந்தம்மா அதைத் தானே ஒரு தடவை வைத்து எடுத்தார். அர்பாப்பின் முகமும் தணிந்துவிட்டது. மெத்தையை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். முதலாளி கார் மறையும்வரை சிரித்த முகத்தோடு கையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, அவரைப் பார்க்காமல், வீட்டைப் பார்த்துச் சொன்னார்.

"கஸ்டமரோட சாதனம். நாளைக்கு இன்னொருத்தன் வண்டியில நீ குடும்பம் நடத்தினா நான் கேரேஜ் எப்படி நடத்தும்? விசாவ கேன்சல் அடிச்சுரலாம். கலாஸ், முடிஞ்சு."

"வண்டி டெலிவரி வரைக்கும் இருக்கட்டுமா மொதலாளி? ஒரு கம்பி இன்னும் முறுக்கணும்."

"அதுவரைக்கும் இரு."

அவ்வளவுதான் பேச்சு. வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. முதலாளி மேலும் ஆத்திரம், அவர் மேலும்.

"ஏண்ணே இப்படிப் பண்ணுனீங்க? மதினிக்கு மாடியில ரூம் கட்ட வேணாமா? இப்ப எத வச்சுக் கட்டுவீங்க?"

அவர் பட்டறைக்குள் நின்ற அந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தார். "அம்புட்டு எடம் சும்மா கெடந்துச்சுப்பா."

விசா கேன்சலானதும் பட்டறையில் ஓர் ஆள் குறைந்தது. மன்னார்குடிக்காரனுக்கு வெல்டிங் தெரியும். கட்டிலில் ஏற்கனவே அவன் இருந்தான், வேலைக்கும் அவனையே எடுத்துக்கொண்டார்கள். அவன் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அண்ணன் கிளம்புகிற நாளில் அவன்தான் அழுதான். மற்றவர்கள் வழக்கம்போல ஆளுக்கொரு பொட்டலத்தை நீட்டினார்கள். திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்தும் நீட்டினார்கள். அவர் வாங்கி வாங்கி வைத்தார். நான் அந்தத் தேக்சாவைக் கழுவித் துடைத்து, பெட்டிக்குள் முதலில் வைத்து, அதற்குள் மற்றவர்களுடைய பொட்டலங்களைத் திணித்தேன். அவரிடம் கேட்கவில்லை. அவர் பெட்டியை ஆட்டிப் பார்த்தார். குலுங்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு லீவுக்கு நான் அவர் ஊர்ப்பக்கம் போகவில்லை. மூன்றாவது லீவில் காரைக்குடியில் ஒரு கல்யாணம், அப்படியே பஸ் ஏறினேன். வீட்டை விசாரித்தால், "வெளிய வண்டி வீடு நிக்கும் பாருங்க, அதான்" என்றார்கள்.

உண்மையிலேயே நின்றது. வீட்டின் பக்கவாட்டு வெளியில், வேப்பமரம்கூட இல்லாத வெயிலில், நான்கு இரும்புக் கால்களின் மேல் ஒரு தகரப் பெட்டி. குட்டியானை வண்டி என்று சொல்கிறோமே, அந்தச் சின்ன லோடு வண்டிக்கு அளவெடுத்துச் செய்தது. இருபுறமும் ஒல்லியான சாமான் பெட்டிகள், கீழே கீல் வைத்து வெளிப்பக்கம் திறக்கும் கதவுகள். அவர் அதற்கு அடியிலிருந்து எழுந்து வந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது.

"வாப்பா. வெயில்ல நிக்காத."

"வண்டி எங்கண்ணே?"

"சின்னத் தம்பி எடுத்துட்டுப் போயிருக்கான். பொழப்புக்கு வாங்குனேன். அவன் ஓட்டுறான்."

மாடி கட்டினீர்களா என்று நான் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தாலே தெரிந்தது. அந்த அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். போனில் அத்தனை வருடம் கேட்ட குரலுக்கு அப்போதுதான் முகம் கிடைத்தது.

"ஏறிப் பாருங்க தம்பி. இதுதான் எங்க ரூம்பு."

உள்ளே இரண்டு பேர் படுக்கிற கட்டில், ஒரு கண்ணாடி, மகளுடைய காலேஜ் புத்தகங்கள், மூலையில் அந்தத் தேக்சா. எல்லாம் சுத்தமாக இருந்தது. கதவின் உள்பக்கம் கனமான ஒரு தாழ்ப்பாள். அந்த அம்மா அதைப் போட்டுக் காட்டினார், எடுத்துக் காட்டினார், மறுபடியும் போட்டுக் காட்டினார்.

"அம்புட்டு வருசம் கேட்டேன். காலு வச்சுக் குடுத்துருக்காக" என்றார். அதில் குறை இருந்ததா பெருமை இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும் இருந்திருக்கும். "யாரு வேணா வந்து போறதுக்கு இது நடை இல்ல. நாங்க ரெண்டு பேரும் உள்ள இருந்தா உள்ளதான்."

"அண்ணன் எங்க படுப்பாங்க?"

அந்த அம்மா தரைப்பலகையை ஒரு தடவை காலால் தட்டினார்.

சாப்பிட்டதும் நான் அவரோடு அந்தப் பெட்டியின் அடியில் போய்ப் படுத்தேன். வண்டி வந்து நிற்க வேண்டிய இடம். நிழல் இரண்டு பாய் அளவுக்கு இருந்தது. தலைக்கு மேல் சட்டம், அவர் வெல்டு வைத்தது, அங்கங்கே அறுத்து மறுபடி ஒட்டிய தடம். எனக்கு வந்தது கோபமா துக்கமா தெரியவில்லை, அவரோடு இருந்தாலே இப்படித்தான். அவர் பட்டறையைப் பற்றி விசாரித்தார். அர்பாப்பின் அம்மா இப்போதும் பாலைவனத்துக்குப் போகிறாரா என்று கேட்டார். போகிறார் என்று சொன்னேன். எனக்குத் தெரியாது, ஆனால் சொன்னேன்.

அந்த நேரத்தில் கடைசித் தம்பியின் மனைவி ஒரு மூட்டையை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, வெதக்கடல. வெயில் பட்டா வீணாப் போயிரும். இத உள்ள வச்சுக்கிறவா?"

மேலே பலகையில் காலடிச் சத்தம் நின்றது. அவர் தலையைத் தூக்கினார். ஒரு கண் மூடியது. வாய் திறந்தது. அதற்குள் மேலே கதவுக்குள்ளிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது.

"எடம் இல்ல."

நிதானமாகச் சொன்னார், சத்தமே போடவில்லை. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அந்தப் பெண் மூட்டையோடு வெயிலில் நின்றாள். அவர் மேலே பார்த்தபடியே கிடந்தார். முகத்தில் ஏதோ ஒரு நிம்மதி வந்ததுபோல எனக்குப் பட்டது. இத்தனை வருடமாக அவருக்காக யாராவது அதைச் சொல்ல வேண்டியிருந்தது என்று தோன்றியது. நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏத்தா" என்றார் அவர், தணிந்த குரலில். "இங்கிட்டுக் கொண்டா. அடியில எடம் கெடக்கு."

பாய் நகரும் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். மூட்டை எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது. அவர் அந்தப் பக்கம் தள்ளிப் படுத்து, ஒரு கையையும் ஒரு காலையும் வெளியே நீட்டியிருந்தார். மூட்டை நிழலில் இருந்தது.